தீவை வாங்கிய வணிகர்: சர் ஜேம்ஸ் மேத்திசனும் லூயிஸ் தீவின் குடிகளும்

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கிறது லூயிஸ் தீவு. 1844ஆம் ஆண்டு ஜேம்ஸ் மேத்திசன் என்ற வணிகர் 1,90,000 பவுன் கொடுத்து அதை விலைக்கு வாங்கினார். பரப்பளவு நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல். பெரும்பகுதி சதுப்பு, மிச்சத்தில் பாதி பாறை. ஏறத்தாழ 17,000 பேர் அங்கே குடியிருந்தார்கள். கேலிக் மொழி பேசியவர்கள். சிறு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் வாற்கோதுமையும் ஓட்ஸும் பயிரிட்டு, மேட்டுச் சதுப்பில் மாடு மேய்த்து, கடலில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். நிலத்தோடு சேர்ந்து அவர்களுடைய வாழ்வும் ஒரே பத்திரத்தில் கைமாறியது.

விற்றவர்கள் சீஃபோர்த் மெக்கன்சி வம்சத்தார். அந்த வம்சத்தின் வாரிசான மேரியை மணந்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் மெக்கன்சி, 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். அவர் 1843இல் காலமானார். மறு ஆண்டே தீவு விற்பனைக்கு வந்தது. இலங்கையை ஆண்டவர் குடும்பத்திடமிருந்து, சீனாவில் அபினி விற்றவர் கைக்கு லூயிஸ் சென்றது.

மேத்திசனைப் பற்றி இரண்டு விதமாக எழுதப்பட்டு வருகிறது. பஞ்சத்தில் சோறு போட்ட வள்ளல் என்பது ஒன்று. போதைப்பொருள் பணத்தில் தீவை வாங்கிக் குடிகளைக் கப்பலேற்றியவர் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆவணச் சான்று உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் மனிதரும் பிடிபடமாட்டார், காலமும் பிடிபடாது. அவர் வாழ்க்கையை முழுமையாகப் படிக்கும்போது ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது: நிலம் உள்ளவன் நல்லவனாக இருப்பது, நிலத்தில் உழைப்பவனுக்குப் பாதுகாப்பு ஆகாது. கொடை உடையவனின் மனத்தைப் பொறுத்தது. உரிமை சட்டத்தைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை லூயிஸ் மக்கள் நாற்பது ஆண்டுகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சதர்லந்திலிருந்து கான்டன் வரை

மேத்திசன் 1796 நவம்பர் 17 அன்று சதர்லந்து மாவட்டத்தின் லேர்க் வட்டாரத்தில் பிறந்தார். தந்தை கேப்டன் டொனால்டு மேத்திசன், பெருநிலக்கிழாரிடம் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கீழ்க்குடிகளுக்கு விட்டுவந்த ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாந்தைச் சேர்ந்த நடுத்தட்டுக் குடும்பத்தவர். சதர்லந்து அப்போது சாதாரண இடமன்று. ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டும் என்று பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குடிகளை அப்புறப்படுத்திய பெரும் வெளியேற்றங்கள், மேத்திசனின் சிறுவயதிலும் இளமையிலும் அந்த மாவட்டத்தில்தான் நடந்தன. நிலம் இல்லாதவன் கதி என்ன என்பதைத் தெரிந்துகொள்ள அவர் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்த பின் லண்டனில் சிறிது காலம் வணிகப் பயிற்சி பெற்று, கல்கத்தாவில் மாமன் பங்குதாரராக இருந்த மெக்கின்டாஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குப் பெயர்ந்தார். யிரிசாரி என்ற ஸ்பானியருடன் கூட்டு வணிகம் செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் முற்றுரிமை நடப்பில் இருந்ததால் பிரிட்டிஷ் தனியார் வணிகர்கள் கான்டனில் நிலையாகத் தங்குவது கடினம். அதற்கு வழியாக மேத்திசன் டென்மார்க் நாட்டுக் கான்சல் பதவியைப் பெற்றுக்கொண்டார். 1827இல் 'கான்டன் ரெஜிஸ்டர்' என்ற இதழைத் தொடங்கினார். சீனாவில் வெளிவந்த முதல் ஆங்கிலச் செய்தித்தாள் அது. விலைவாசியும் கப்பல் வரவும் மட்டுமன்றி, தடையற்ற வணிகம் என்ற கொள்கையும் அதில் பக்கம் பக்கமாக வாதிக்கப்பட்டது. 1832 ஜூலையில் வில்லியம் ஜார்டின் என்ற முன்னாள் கப்பல் மருத்துவருடன் சேர்ந்து ஜார்டின் மேத்திசன் நிறுவனத்தை நிறுவினார். இருவரில் ஜார்டின் திட்டம் வகுப்பவர்; மேத்திசன் கணக்கும் எழுத்தும் அறிந்தவர்.

மாமரப் பெட்டிகள்

அந்த நிறுவனம் தேயிலையும் பட்டும் வாங்கியது, துணி விற்றது. ஆனால் அதன் செல்வத்தின் அடித்தளம் அபினி. அந்த அபினி விளைந்தது இந்திய மண்ணில்.

பிரிட்டன் சீனாவிடமிருந்து தேயிலை வாங்கியது. விலையாக வெள்ளி போய்க்கொண்டே இருந்தது. அந்த வெள்ளியைத் திருப்பிக் கொண்டுவரக் கண்ட வழிதான் அபினி. பீகாரிலும் காசி வட்டாரத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனி கசகசாச் செடி சாகுபடியைத் தன் முற்றுரிமையாக வைத்திருந்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அதற்கென முகமைகள். விதைப்புக்கு முன்பே விவசாயிக்கு முன்பணம் கொடுக்கப்படும். அதை வாங்கியவன் குறித்த நிலத்தில் கசகசா பயிரிட்டே ஆக வேண்டும். காய்களைக் கீறி, வழியும் பாலைச் சுரண்டிச் சேர்த்து, முகமை குறித்த விலைக்கு முகமையிடமே ஒப்படைக்க வேண்டும். விலையைக் கேட்கும் உரிமை விளைவித்தவனுக்குக் கிடையாது.

சேர்ந்த அபினி பெரும் கிடங்குகளில் உருண்டையாகப் பிடிக்கப்பட்டது. உதிர்ந்த கசகசா இதழ்களை ஒட்டி ஒட்டித் தகடாக்கி, அதையே உருண்டைக்கு மேலுறையாகச் சுற்றுவார்கள். மாமரப் பலகைப் பெட்டி ஒன்றுக்கு நாற்பது உருண்டைகள். இரண்டு அடுக்கு, அடுக்குக்கு இருபது. இந்தப் பெட்டிகளைக் கம்பெனி கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனச் சட்டம் அபினியைத் தடை செய்திருந்ததால், தேயிலை வணிகத்துக்குப் பங்கம் வராதபடி கம்பெனி தன் கப்பலில் அதை ஏற்றாது. ஏலத்தில் எடுத்துப்போய், முத்து நதியின் முகத்துவாரத்தில் உள்ள லின்டின் தீவருகே நங்கூரமிட்ட கிடங்குக் கப்பல்களில் இறக்கி, சீனக் கடத்தல்காரர்களின் துடுப்புப் படகுகளுக்கு விற்றவர்கள் தனியார் வணிகர்கள். அவர்களில் முதலிடம் ஜார்டின் மேத்திசனுக்கு. மால்வா அபினி பம்பாய் வழியாக வந்தது. அங்கே பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் அவர்களின் நெருங்கிய கூட்டாளி.

1839இல் பேரரசரின் ஆணையராகக் கான்டனுக்கு வந்த லின் சேசூ, அந்நிய வணிகர்களை அவர்கள் குடியிருப்புகளிலேயே முடக்கிவைத்தார். 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டு, ஹூமென் கடற்கரையில் அழிக்கப்பட்டன. அவற்றில் மிகப் பெரும் பங்கு மேத்திசன் நிறுவனத்துடையது. முன்னமே லண்டன் சென்றிருந்த ஜார்டின், வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனைச் சந்தித்துப் போருக்கு வழி சொன்னார். அந்தப் போரின் முடிவில், 1842 ஆகஸ்டில், நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானது. ஹாங்காங் பிரிட்டனுக்குப் போயிற்று. அழிக்கப்பட்ட அபினிக்கு நட்டஈடாக மட்டும் 60 லட்சம் வெள்ளி டாலரைச் சீனா கட்ட வேண்டியதாயிற்று.

தடையற்ற வணிகத்தை மேத்திசன் மனமார நம்பினார். அது உண்மைதான். ஆனால் இது அக்காலத்தவர் எவருக்கும் உறுத்தாத வணிகம் என்று சொல்லி அவரை விடுவித்துவிட முடியாது. அவர் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த சொந்த அண்ணன் மகன் டொனால்டு மேத்திசன், அபினி வணிகம் மனச்சான்றுக்கு ஒவ்வவில்லை என்று 1840களின் இறுதியில் விலகி, பிற்காலத்தில் அபினி ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்று உழைத்தார். ஒரே குடும்பத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்த ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்க இயலாது.

நாடாளுமன்றமும் கோட்டையும்

1842இல் மேத்திசன் சீனாவை விட்டுப் புறப்பட்டார். 1843இல் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த மேரி ஜேன் பெர்சவலை மணந்தார். அதே ஆண்டு ஜார்டின் இறந்தார். அவர் வகித்த ஆஷ்பர்ட்டன் தொகுதிக்கு மேத்திசன் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1847 முதல் 1868 வரை ராஸ் குரோமார்ட்டி தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். லூயிஸ் தீவும் அந்தத் தொகுதியில் அடங்கியதே. ஆனால் அவருடைய குடிகளில் எவருக்கும் வாக்கு கிடையாது. சொத்துத் தகுதி உள்ள சில நூறு பேரே வாக்காளர்கள். 1868இல் அவர் விலகியதும் அந்த இடத்துக்கு வந்தவர் மற்றோர் உறவினரான அலெக்சாண்டர் மேத்திசன்.

தீவின் தலைநகரான ஸ்டோர்னோவேயில் துறைமுகத்தைப் பார்த்தபடி மேத்திசன் ஒரு கோட்டை எழுப்பினார். 1847இல் தொடங்கிப் பத்தாண்டுகள் வேலை நடந்தது. கிளாஸ்கோவின் சார்லஸ் வில்சன் கட்டடக் கலைஞர். செலவு 60,000 பவுனைத் தொட்டது. மரமே இல்லாத தீவில் மாளிகையைச் சுற்றித் தோப்பு வளர்ப்பதற்காகக் கப்பலில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். தீவின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான பணம் ஒரு வீட்டுக்குப் போனது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே காலத்தில் அவர் செய்த நற்பணிகளும் பெரியவை. அவர் வாங்கும்போது தீவில் செப்பனிடாத சாலைகூட ஐம்பது மைல் இல்லை. அவர் காலத்தில் அது ஏறத்தாழ 200 மைலாக வளர்ந்தது. நகரத்துக்கு எரிவாயு விளக்கும் குடிநீரும் வந்தன. சதுப்பு நிலம் வடிகால் வெட்டித் திருத்தப்பட்டது. பெண்களுக்குப் பள்ளி அமைந்தது. சதுப்புக் கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்றையும் நடத்திப் பார்த்தார். அது கடைசியில் நட்டத்தில் மூடப்பட்டது. கலனிஷ் என்ற இடத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்வட்டம் ஒன்று பாதி உயரத்துக்குச் சதுப்புக் கரியில் புதைந்து கிடந்தது. 1857இல் ஐந்தடி ஆழத்துக்கு அதை வெட்டியெடுத்து, கற்களை முழு உயரத்தில் உலகம் பார்க்கச் செய்தவரும் அவரே.

பஞ்சமும் நிலுவைப் பட்டியலும்

1846இல் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. அயர்லாந்தை அழித்த அதே நோய்தான் ஹைலாந்திலும் தீவுகளிலும் பரவியது. லூயிஸ் குடிகளின் உணவில் பெரும்பங்கு உருளைக்கிழங்கு. ஓராண்டு அது அழுகினால் அடுத்த ஆண்டுக்கு விதையும் இல்லை. மேத்திசன் கப்பல் கப்பலாக மாவு தருவித்தார், விதை கொடுத்தார், சாலை போடும் வேலையில் ஆட்களை அமர்த்திக் கூலியாக மாவு அளந்தார். பல ஹைலாந்து நிலக்கிழார்கள் குடிகளைக் கைவிட்ட நேரத்தில் அவர் கைவிடவில்லை. பேரழிவு லூயிஸில் தவிர்க்கப்பட்டதற்கு அவர் பணம் முக்கியக் காரணம். 1851இல் அரசு அவருக்குப் பாரனெட் பட்டம் அளித்தது; சர் ஜேம்ஸ் ஆனார்.

பட்டம் வந்த அதே ஆண்டில்தான் கப்பல்களும் வந்தன. நிவாரணத்துக்கு இறைத்த பணம் திரும்பவில்லை, நிலத்துக்குக் குடிகள் கட்ட வேண்டிய வாரப்பணமும் வரவில்லை. தீவில் மக்கள்தொகை மிகுதி, ஒரு பகுதியினரைக் கனடாவுக்கு அனுப்பினால் எஞ்சியவர் பிழைப்பர் என்று நிர்வாகம் முடிவுகட்டியது. அவருடைய காரியஸ்தர் ஜான் மன்ரோ மெக்கன்சி 1851இல் எழுதிவந்த நாட்குறிப்பு எஞ்சியிருக்கிறது. ஊர் ஊராகப் போய், எந்தக் குடும்பம் எவ்வளவு நிலுவை வைத்திருக்கிறது, வீட்டில் உழைக்கக்கூடியவர் எத்தனை பேர், போக இசைகிறார்களா இல்லையா என்று அவர் குறித்துவைத்தார். போகச் சம்மதித்தால் நிலுவை தள்ளுபடி, கப்பல் கட்டணம் இலவசம். மறுத்தால், நிலுவை வைத்தவருக்கு வெளியேற்ற அறிவிப்பு. பசித்த குடும்பத்தின் முன் வைக்கப்பட்ட தேர்வு இது.

1851இல் 1,554 பேர், 1852இல் 453 பேர், 1855இல் 330 பேர். ஆகமொத்தம் 2,337 பேர் தீவை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் கியூபெக்கின் கிழக்கு மாவட்டங்களில் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். மற்ற நிலக்கிழார்கள் அனுப்பியவர்களைவிட இவர்களுக்கு ஏற்பாடுகள் மேலாக இருந்தன. நிலுவை தள்ளுபடியும் உண்மையே. ஆனாலும் எங்கே வாழ்வது என்பதை முடிவுசெய்தது அவர்களுடைய விருப்பம் அன்று, கணக்குப் புத்தகம்.

காரியஸ்தர் ராஜ்ஜியம்

லூயிஸ் குடியின் நிலை என்ன என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். குரோஃப்டர் என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறுகுடி ஆண்டுக்கு ஆண்டு குத்தகையில் இருந்தவர். கல்லைப் பெயர்த்து, கடற்பாசியைத் தோளில் சுமந்து உரமிட்டு, சதுப்பை வயலாக்கியது அவர் கை. ஆனால் திருத்திய நிலத்துக்கு நட்டஈடு கேட்க வழியில்லை. கல்லும் புல்தரையும் கொண்டு வீட்டைக் கட்டியதும் அவரே. வெளியேற்றினால் வீடும் போகும். நிலம் திருந்தினால் வாரம் ஏறக்கூடும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒருவன் பிழைப்பு முழுவதும் நிலக்கிழாரின் பெயரால் கையெழுத்திடும் காரியஸ்தரைப் பொறுத்தது.

1853 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் டொனால்டு மன்ரோ என்ற ஸ்டோர்னோவே வழக்கறிஞர். நிலத்தின் காரியஸ்தர் அவர்; அரசுத் தரப்பில் குற்றவழக்குத் தொடுக்கும் அதிகாரியும் அவர். ஏழை நிவாரண வாரியம், பள்ளி வாரியம், துறைமுக நிர்வாகம், தொண்டர் படை என்று எதைத் தொட்டாலும் அவர் பெயர். குடி ஒருவன் காரியஸ்தர்மேல் புகார் சொல்ல வேண்டுமானால், அந்தப் புகார் போய்ச் சேரும் இடத்திலும் அவரே அமர்ந்திருந்தார். நிலத்தைப் பறித்துவிடுவேன் என்ற ஒரு வாக்கியம் போதும், தீவில் எவரும் வாய் திறக்கமாட்டார். கோட்டையில் இருந்த சர் ஜேம்ஸ் வயதானவர். குடிகளிடம் நேரில் கடுமை காட்டியவர் அல்லர். ஆனால் தம் பெயரில் நடப்பதைக் கேட்டறியும் வழக்கமும் அவரிடம் இருக்கவில்லை.

பெர்னரா, 1874

லூயிஸின் மேற்குக் கரையை ஒட்டி ஒரு சிறு தீவு, கிரேட் பெர்னரா. அவ்வூர்க் குடிகளின் மாடுகள் கோடையில் நீந்திக் கரை கடந்து, லூயிஸ் பக்கத்து மேட்டுச் சதுப்பில் மேய்வது தலைமுறை வழக்கம். மான் வேட்டைக்காடு விரிவடைந்தபோது அந்த மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள், விட்டார்கள். மாற்றாகக் கிடைத்த இடத்துக்கும் வேட்டைக்காட்டுக்கும் நடுவே தங்கள் செலவில், தங்கள் கையால், மைல்கணக்கில் நீண்ட மதிலும் எழுப்பினார்கள். மதில் முடிந்து சில காலம் ஆவதற்குள், அந்த மேய்ச்சலையும் விட வேண்டும் என்று மன்ரோ ஆணையிட்டார். இம்முறை மறுத்தார்கள்.

1874 மார்ச்சில் நீதிமன்ற அமீனா பெர்னராவுக்கு வந்து 58 குடும்பங்களுக்கு வெளியேற்ற அறிவிப்பு கொடுத்தார். மேய்ச்சல் நிலம் மட்டுமன்றி வீடும் வயலும் சேர்த்தே பறிபோகும் என்று அதில் கண்டிருந்தது. திரும்பும் வழியில் இருட்டில் இளைஞர்கள் அவர்மேல் மண்கட்டி எறிந்தார்கள். கோபத்தில் அவர், கையில் துப்பாக்கி இருந்திருந்தால் பெர்னராத் தாய்மார்கள் பிள்ளைகளுக்காக அழுதிருப்பார்கள் என்ற பொருளில் பேசிவிட்டார். மறுநாள் ஊர் ஆண்கள் வழிமறித்து விளக்கம் கேட்டபோது நடந்த தள்ளுமுள்ளில் அவர் மேற்சட்டை கிழிந்தது. மூன்று பேர்மேல் வழக்கு.

ஒருவர் ஸ்டோர்னோவேயில் பிடிபட்ட செய்தி எட்டியதும், நூற்றுக்கும் மேற்பட்ட பெர்னரா ஆண்கள் சதுப்பைக் கடந்து நகரத்துக்கு நடந்தார்கள். முன்னே பேக்பைப் இசை. மறுநாள் கோட்டைக்குப் போய் சர் ஜேம்ஸைக் கண்டு முறையிட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார், இந்த வெளியேற்றம் தமக்குத் தெரியாது என்றார், விசாரிப்பதாகச் சொன்னார். வந்தவர்களுக்குத் தேநீரும் உணவும் பரிமாறப்பட்டன. அவருடைய இயல்பு முழுவதும் அந்த ஒரு நாளில் தெரிகிறது: முகம் பார்த்தால் இரங்குகிற மனம், ஆனால் முப்பது ஆண்டுகளாகத் தீவைக் காரியஸ்தர்கள் கையில் விட்டுவைத்த பாராமுகம்.

ஜூலையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. இன்வெர்னஸ் வழக்கறிஞர் சார்லஸ் இன்னிஸ் குடிகளுக்காக வாதாடினார். சாட்சிக் கூண்டில் மன்ரோவை நிறுத்தி, அவர் வகிக்கும் பதவிகளை ஒவ்வொன்றாக அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். வெளியேற்றத்தைப் பற்றி சர் ஜேம்ஸிடம் கேட்டீர்களா என்றதற்கு, நிர்வாகத்தின் ஒவ்வொரு சிறு விவரத்தையும் அவரிடம் கேட்பது வழக்கமில்லை என்ற கருத்தில் மன்ரோ பதில் சொன்னார். 58 குடும்பங்களின் வீடும் வயலும் சிறு விவரம் என்பது நீதிமன்றப் பதிவிலேயே ஏறிவிட்டது. மூவரும் விடுதலை ஆனார்கள். ஹைலாந்தில் குடிகள் சட்டத்தின் முன் பெற்ற முதல் பெரும் வெற்றி இது என்று வரலாற்றாசிரியர்கள் மதிக்கிறார்கள். அடுத்து மன்ரோ காரியஸ்தர் பொறுப்பை இழந்தார். பிற பதவிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

சட்டம் தந்தது

சர் ஜேம்ஸ் மேத்திசன் 1878 டிசம்பர் 31 அன்று பிரான்சின் மான்ட்டான் நகரில் காலமானார்; பிறந்த ஊரான லேர்க்கில் அடக்கம் செய்யப்பட்டார். குழந்தைகள் இல்லை, பாரனெட் பட்டம் அவரோடு முடிந்தது. தீவு அவர் மனைவியிடம் சென்றது.

அவர் கண்மூடிய பத்தாண்டுக்குள் ஹைலாந்து தலைகீழாக மாறியது. 1883இல் நேப்பியர் பிரபு தலைமையில் அரச ஆணையம் தீவு தீவாகப் போய்க் குடிகளின் வாய்மொழியைக் கேட்டது. 1884 சீர்திருத்தம் குரோஃப்டருக்கு வாக்குரிமை தந்தது. மறு ஆண்டுத் தேர்தலில், மேத்திசன் குடும்பம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வகித்த ராஸ் குரோமார்ட்டி தொகுதியில் குடிகளின் வேட்பாளர் டாக்டர் ரோடரிக் மெக்டொனால்டு வென்றார். 1886இல் குரோஃப்டர் சட்டம் நிறைவேறியது. வாரம் கட்டிவரும் குடியை வெளியேற்ற முடியாது. நியாய வாரத்தை ஆணையம் நிர்ணயிக்கும். நிலம் பிள்ளைகளுக்குப் போகும். விட்டுப் போகும்போது திருத்திய நிலத்துக்கு நட்டஈடு உண்டு. நிலம் இல்லாதவர்களின் குறையை அந்தச் சட்டம் தீர்க்கவில்லை. அதனால்தான் மறு ஆண்டே லூயிஸின் பார்க் பகுதியில் பசித்த மக்கள் மான் காட்டுக்குள் புகுந்து வேட்டையாடினார்கள். என்றாலும், நிலம் உள்ள குடிக்கு அது தந்த உறுதி, மேத்திசன் செலவிட்ட அத்தனை பவுனாலும் தர இயலாதது.

1918இல் தீவை லெவர்ஹியூம் பிரபு வாங்கினார். 1923இல் அவர் விலகும்போது ஸ்டோர்னோவே வட்டாரத்து நிலமும் அந்தக் கோட்டையும் மக்களுக்கே அளிக்கப்பட்டு, மக்கள் தேர்ந்தெடுக்கும் அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தன.

மேத்திசனின் கணக்கை எழுதுவோர் இரண்டு ஏடுகளையும் ஒருசேர விரித்து எழுத வேண்டும். ஒன்றில் மாவு, சாலை, பள்ளி, தள்ளுபடி செய்த நிலுவை. மற்றொன்றில் முன்பணத்தில் சிக்கிய பீகார் உழவன், போதையில் நலிந்த சீனக் குடும்பம், கியூபெக் காட்டுக்குப் போன 2,337 பேர், பெர்னராவின் 58 வீடுகள். முதல் ஏட்டின் பணம் இரண்டாம் ஏட்டிலிருந்து வந்தது என்பதே இந்த வாழ்க்கையின் மையச் செய்தி. காஜிப்பூரில் விலை கேட்க முடியாத உழவனும், லூயிஸில் ஓராண்டுக்கு மேல் நிலத்தை நம்ப முடியாத குடியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவர் உழைப்பும் ஒரே வீட்டின் வரவில் சேர்ந்தது. நல்ல எசமானுக்காகக் காத்திருந்த காலத்தில் லூயிஸ் குடிக்குக் கிடைத்தது நிவாரணம். சதுப்பைக் கடந்து நடந்து, நீதிமன்றத்தில் நின்று, வாக்களித்த பிறகே அவர்களுக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை கிடைத்தது. உழுபவனுக்கு நிலத்தில் உறுதி வேண்டும் என்று எந்த நாட்டில் எவர் வாதாடினாலும் எடுத்துக்காட்ட வேண்டிய வரலாறு இது.